பிரிண்டில் மட்டும் வரும் பெயர்கள்

எனக்குப் பயம் கூடவே பிறந்தது. கேஸ் சிலிண்டர் மாற்றும்போது பயம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம், யாராவது "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாலே வயிற்றைக் கலக்கும். என் கணவர் ஆல்பின் இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஆட்களின் முகத்தைப் பார்க்காமல் செய்கிற வேலையாகத் தேடித்தான் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டேன். பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டி, குறிஞ்சிப்பாடியில் ஒரு கைத்தறிக் கடை, இங்கே டவுன்ஷிப்பில் இரண்டு டியூஷன் சென்டர் என்று சின்னச் சின்ன வாடிக்கைக்காரர்கள். எல்லாம் போனிலேயே முடிந்துவிடும்.

பயந்தாங்கொள்ளியாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் எனக்குத் திமிர் உண்டு. ஸ்டைல் ஷீட்டைக் கையால்தான் எழுதுவேன். ஒரு பக்கத்தில் எது என்ன நிறம், எவ்வளவு பெரிசு, எங்கே நிற்க வேண்டும், எது கண்ணுக்குத் தெரியலாம், எது தெரியக்கூடாது என்று வரி வரியாகச் சொல்லுகிற கோப்பு அது. இழுத்துப் போட்டால் தானாக எழுதிக்கொள்ளும் சாமான்கள் எத்தனையோ வந்துவிட்டன. அவை எழுதியதைத் திறந்து பார்த்தால், ஒரு காபி போட ஏழு பாத்திரம் எடுத்த மாதிரி இருக்கும். நான் எழுதினால் ஒரு வரி வீண் போகாது.

ஒன்பது வருஷமாக ஒரே எடிட்டரில், அதாவது இதையெல்லாம் தட்டுகிற புரோகிராமில்தான் எழுதிவந்தேன். அந்த வியாழக்கிழமை காலை அது திறக்கவில்லை. புதுப் பதிப்புக்கு என் பழைய லேப்டாப் ஒத்துவராதாம். சரி, போகட்டும் என்று இலவசமாகக் கிடைத்த மூன்று எடிட்டர்களை இறக்கி வைத்துக்கொண்டு, எதைக் கட்டிக்கொண்டு அழுவது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

முதலாவது, உலகமே பயன்படுத்துவது. அதற்கு பக்கெட் வீல் என்று பெயர் வைத்தேன். இங்கே நிலக்கரி மைன்ஸில் மண் வெட்டுகிற ராட்சத மெஷினைப் போல அது கிளம்பவே அரை ஷிப்ட் ஆனது. லேப்டாப் விசிறி போட்ட சத்தத்தில் பக்கத்து குவார்ட்டர்ஸ் தேவயானி அக்கா எட்டிப் பார்த்து, "மிக்ஸி ரிப்பேரா?" என்று கேட்டார். இரண்டாவது வெறும் சிலேட்டு. எழுதினால் எழுதும், அவ்வளவுதான். மூடப்போனால் "சேமிக்கவா?" என்று கேட்கும். எழுதியதை வெப்சைட் குடியிருக்கிற சர்வருக்கு ஏற்ற வேறொரு புரோகிராமைத் திறக்க வேண்டும், கடவுச்சொல் போட வேண்டும், ஒவ்வொரு கோப்பாக அனுப்ப வேண்டும்.

மூன்றாவது புது மருமகள். முதல் மாதத்து மருமகள் எதையும் கேட்காமல் எல்லாம் செய்வாளே, அப்படி. தட்டத் தட்டத் தானே சேமிக்கும். கடவுச்சொல்லை ஒருமுறை கொடுத்துவிட்டால் தானே சர்வருக்கும் அனுப்பிவிடும். அது மட்டுமா, பக்கத்திலேயே மூன்று ஜன்னல்: இந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் எப்படித் தெரியும், போனில் எப்படித் தெரியும், பிரிண்ட் எடுத்தால் எப்படி வரும். எனக்கு அதன் மேல்தான் ஆசை விழுந்தது. கடவுச்சொல் மட்டும் இன்னும் கொடுக்கவில்லை, அதற்கும் பயம்தான்.

மூன்றையும் ஒரே கோப்பை வைத்துச் சோதிக்கலாம் என்று, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பக்கத்தை எடுத்தேன். ஆல்பினும் அவர் கூட்டாளிகளும் கொடுக்கப்போகிற புகார்ப் பக்கம் அது.

ஆல்பின் மைன்ஸில் கான்ட்ராக்ட். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற கரியை அள்ளும் கேங்கில் பதினோரு வருஷமாக இருக்கிறார். அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் கான்ட்ராக்டர், பாதுகாப்பு ஷூ கொடுத்துவிட்டதாக எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். ஷூ வரவில்லை. ஆகஸ்ட் மாதம் கேங்கில் அருள் என்பவரின் காலில் இரும்புத் தட்டு விழுந்து இரண்டு விரல் போனது. ரப்பர் செருப்பு போட்டிருந்தார். "ஷூ குடுத்தோம், அவன்தான் போடல" என்று கையெழுத்தைக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பதினோரு பேர் சேர்ந்து லேபர் ஆபீசுக்குப் புகார் எழுதினார்கள். எழுத வைத்தவர் பழனிவேல், தொழிலாளர் குழுச் செயலாளர். போன வருஷம் வாயைத் திறந்ததற்காக கேட் பாஸை இழந்தவர் அவர்.

கேட் பாஸ் என்பது இங்கே சோறு. கான்ட்ராக்டர் மாதக் கடைசியில் ஒரு லிஸ்ட் அனுப்புவார். அதில் பெயர் இருந்தால் அடுத்த மாதம் உள்ளே போகலாம். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று யாரும் யாரையும் கேட்க முடியாது. "வேல கொறஞ்சிடுச்சி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நாங்கள் இருப்பது என் அப்பாவின் குவார்ட்டர்ஸில். அப்பா பர்மனென்ட், மார்ச்சில் ரிட்டயர் ஆகிறார். அதற்குப் பிறகு ஆல்பினின் பாஸ்தான் எங்கள் கூரை.

அதனால் பழனிவேல் என்னிடம் வந்தபோது ஒரே நிபந்தனை வைத்தார். புகார் ஊருக்குத் தெரிய வேண்டும், பெயர்கள் தெரியக்கூடாது. ஆனால் அதே பக்கத்தை பிரிண்ட் எடுத்தால் பதினோரு பெயரும் வரிசையாக, கையெழுத்துப் போட இடத்தோடு வர வேண்டும். அதைத்தான் வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்கி லேபர் ஆபீசில் கொடுப்பார்.

எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி வேலை. ஸ்டைல் ஷீட்டில் ஒரு வரி: திரையில் இந்தப் பட்டியலை மறை. இன்னொரு வரி: பிரிண்டில் காட்டு. மேலே குழுவின் முத்திரைப் படம், அதுவும் பிரிண்டுக்கு மட்டும். ஆல்பினுக்கு எத்தனை பெருமை! "எம் பொண்டாட்டி பேர மறைச்சிட்டா, எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது" என்று கேங் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த நம்பிக்கையில்தான் தயங்கிய நாலு பேரும் பெயர் கொடுத்தார்கள்.

அந்தப் பக்கத்தைத்தான் புது மருமகளில் திறந்தேன். மூன்றாவது ஜன்னலில் பிரிண்ட் வந்தது. முதல் பக்கம் முழுக்கப் புகார். இரண்டாம் பக்கத்தில் பெயர்கள். அருள், ஆல்பின், அடுத்தடுத்து மற்றவர்கள். எழுத்துகள் அழகாக நின்றன. நானே எனக்கு ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

பத்து நாற்பதுக்கு ஆல்பின் போன் செய்தார். டீ நேரம்.

"வினோ, ஒரு ஜோக் கேளு. நம்ம பக்கத்தப் பத்திதான் ஆபீஸ்ல பேசிக்கினு இருக்காங்க. ஜெயராமன் சார் மொகத்தப் பாக்கணுமே!"

ஜெயராமன் அந்தக் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். பாஸ் லிஸ்ட் எழுதுகிற கை அவருடையதுதான்.

"என்ன சொல்றாரு?" என்றேன்.

"யாரு அந்தப் பதினோரு பேருன்னு காலைலேர்ந்து ஒவ்வொருத்தன் மூஞ்சியா பாத்துக்கினு இருக்காரு. நான் கம்முனு நின்னேன். ஒரு தாளுக்கு மூணு தடவ யோசிக்கிற மனுசன், இத பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போடச் சொல்லிட்டாரு! எடுக்கட்டுமே. அதுல நம்ம பேரா இருக்கு?"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

நான் மூன்றாவது ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆல்பின் என்ற பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். திரையில் படித்துவிட்டு விடுகிற ஆபீஸ் ஒன்று இங்கே உண்டா? வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட பிரிண்ட் எடுத்து, பஞ்ச் பண்ணி, ஃபைலில் கோத்தால்தான் அது வந்ததாக அர்த்தம். எங்கள் அப்பா கரண்ட் பில் மெசேஜையே பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார். இது தெரிந்தும், திரையில் மறைத்து பிரிண்டில் காட்டியிருக்கிறேன். வெளியூரிலிருந்து வந்து செய்தவள் என்றாலும் மன்னிக்கலாம். லேபர் ஆபீஸ் பிரிண்ட் எடுக்கும் என்று யோசித்த எனக்கு, கான்ட்ராக்டர் ஆபீசும் பிரிண்ட் எடுக்கும் என்று ஏன் தோன்றவில்லை? திமிர், வேறென்ன.

உடனே பெயர்களை எடுக்க வேண்டும். பக்கெட் வீலைத் தெரியாமல் அமுக்கிவிட்டேன், அது உறுமத் தொடங்கியது. அதை மூடிவிட்டு சிலேட்டில் கோப்பைத் திறந்து பட்டியலை அடியோடு அழித்தேன். "சேமிக்கவா?" என்று கேட்டது. "சீக்கிரம் சேமியேன்" என்று கத்தினேன். பிறகு அனுப்புகிற புரோகிராம். கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தேன். எல்லாம் முடிந்தபோது பத்து ஐம்பத்திரண்டு.

அதன் பிறகு செய்தது பெரிய தப்பு. சர்வரின் லாக்கைத் திறந்தேன். யார் யார் எப்போது எந்தக் கோப்பை எடுத்தார்கள் என்று எழுதிவைக்கும் பதிவேடு அது. முத்திரைப் படம் பிரிண்டுக்கு மட்டும்தான் என்றேனே. யாராவது பிரிண்ட் எடுக்கப் போனால்தான் அந்தப் படத்தை சர்வர் அனுப்பும். மூன்று தடவை போயிருந்தது. ஞாயிறு ஒன்று, அது நான். திங்கள் ஒன்று. இன்று காலை பத்து முப்பத்தொன்றுக்கு ஒன்று.

பழனிவேலைக் கூப்பிட்டேன். பஸ்ஸில் இருந்தார், கண்டக்டர் விசில் கேட்டது.

"அண்ணா, இன்னிக்குக் காலையில நீங்க பிரிண்ட் எடுத்தீங்களா?"

"இல்லம்மா. நான் திங்கக்கெழம எடுத்ததோட சரி. ஏன்?"

சொன்னேன்.

"லிஸ்ட் இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போவும்" என்றார். "நம்ம புகாரு நாளைக்குத்தான் ஆபீசுக்குப் போவுது. இன்னிக்கு பதினோரு பேரயும் எடுத்துட்டான்னா, புகார் குடுத்ததுக்குத்தான் எடுத்தான்னு எப்பிடிம்மா சொல்றது? வேலையில்லாதவன் பொறாமையில எழுதுனான்னு சொல்லிடுவான்." அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆல்பினுக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் லாக்கரில் வைத்துவிடுவார்கள். ஒன்றரை மணிக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மைன்ஸ் கேட்டுக்கு வெளியே இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். ஹெல்மெட் போடாமல் போயிருக்கிறேன், செக்யூரிட்டி நிறுத்திக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. போகிற வழியெல்லாம் ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருந்தது. பயத்தில் வந்த யோசனை, ஆனால் அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

ரெண்டு மணிக்குக் காலை ஷிப்டான ஏ ஷிப்ட் விட்டது. கரி படிந்த முகங்களோடு கேங் வெளியே வந்தது. என்னைப் பார்த்ததும் ஆல்பின் முகம் மாறிவிட்டது. "அப்பாவுக்கு ஏதாச்சுமா?" என்றார்.

"இல்ல. என்னாலதான்" என்று ஆரம்பித்து எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. அந்தப் பெயர்கள் அவர்களுடையவை.

ஆல்பின் ஹெல்மெட் வாரை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"நீ மறைச்சிட்டன்னு நான்தான வினோ எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

என் யோசனையைச் சொன்னேன். இப்போது பெயர்கள் ஜெயராமனுக்கு மட்டும் தெரியும். அவர் சத்தம் போடாமல் லிஸ்டிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் ஐந்து மணிக்கு முன்னால் அதே பெயர்களை நாமே திரையில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டால், பழனிவேல் அண்ணன் அதை எல்லா குரூப்பிலும் அனுப்பிவிட்டால், பிறகு எடுத்தால் பழிவாங்குகிறார்கள் என்று ஊரே சொல்லும். புகாரில் தேதியும் இருக்கிறது.

அருள் வீட்டில் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தார். அவரைத்தான் முதலில் போனில் கேட்டோம். "போடு. எனக்கு வெரல் போனதே எல்லாருக்கும் தெரியும், பேரு தெரிஞ்சா என்ன" என்றார். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். நம்பிக்கையால் ஆட்டியதாகச் சொல்ல முடியாது. வேறு வழி தெரியாமல் ஆட்டினார்கள்.

குஞ்சிதபாதம் மட்டும் ஆட்டவில்லை. கேங்கிலேயே அதிகம் பேசாதவர் அவர். சைக்கிள் சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, "என்னுத எடுத்துடும்மா" என்றார். "நான் ஆபீஸ்ல குடுக்கறதுக்குதான் பேரு குடுத்தேன். எனக்கு ரெண்டு பொண்ணு கீது. அவன் பாத்துட்டான்னா பாத்துட்டுப் போறான். ஊரு பாக்க வாணாம்."

"எடுத்துடறேங்க" என்றேன். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் பொறாமையாகக்கூட இருந்தது, பயத்தை இவ்வளவு சுலபமாக வெளியே சொல்ல முடிகிறதே என்று.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தபோது மூன்றரை. ஆல்பின் கரி முகத்தைக்கூடக் கழுவாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். சிலேட்டில் செய்தால் காலையில் போல நேரமாகும், தடுமாறுவேன். நேரமில்லை. புது மருமகளைத் திறந்து, அவ்வளவு நேரம் கொடுக்காமல் வைத்திருந்த கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டேன். எடிட்டர் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, பயம்தான் தேர்ந்தெடுத்தது.

பத்துப் பெயர்களைப் பக்கத்தில் ஒட்டினேன். குஞ்சிதபாதம் பெயர் இல்லை என்று இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகு ஸ்டைல் ஷீட்டுக்குப் போய், திரையில் மறை என்ற அந்த ஒற்றை வரியை அழித்தேன். அடுத்து மேலே "இந்தப் புகாரைக் கொடுப்பவர்கள் பதினோரு பேர்" என்று இருப்பதைப் பத்து என்று மாற்ற வேண்டும். அதற்குள் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி மின்னியது. அனுப்பியாகிவிட்டது என்று அர்த்தம்.

"போயிடுச்சா?" என்றார் ஆல்பின்.

"போயிடுச்சி."

அவர் உடனே பழனிவேலுக்குத் தட்டிவிட்டார். பழனிவேல் எல்லா குரூப்பிலும் போட்டுவிட்டார். பதினோரு பேர் பதினோரு பேராகவே நின்றது. போன் திரையில் முதல் இரண்டு பெயர்களைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட அடிப்பில் எண்ணிக்கை மறந்தே போய்விட்டது.

நாலேகாலுக்கு ஆல்பின் போன் அடித்தது. ஜெயராமன். ஆல்பின் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னப்பா ஆல்பின்" என்றார் ஜெயராமன். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "காலையில உங்க பக்கத்த பிரிண்ட் எடுக்கச் சொன்னேன். ரெண்டு பக்கம்னு காட்டுதுன்னான் நம்ம பையன். பேப்பருக்குப் புடிச்ச கேடு, மொதப் பக்கம் போதும்னுட்டேன். பேரு ஊரு இல்லாத மொட்டப் பெட்டிஷன், யார்னு தெரியாம மண்டையப் பிச்சுக்கிட்டிருந்தேன். இப்பப் பாத்தா நீங்களே வரிசையா எழுதிக் குடுத்திருக்கீங்க. ரொம்ப நன்றிப்பா."

ஆல்பின் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்க முடியாமல் லேப்டாப்பைப் பார்த்தேன். முதல் பக்கம். மேலே முத்திரை இருப்பது முதல் பக்கத்தில். லாக்கில் வந்தது அதுதான். பெயர்கள் இரண்டாம் பக்கத்தில். தாளுக்கு மூன்று தடவை யோசிக்கிற மனிதன் என்று ஆல்பினே காலையில் சொன்னார். அவர் கஞ்சத்தனம் காப்பாற்றி வைத்திருந்த பெயர்களை நான் என் கையால் எடுத்து நீட்டியிருக்கிறேன்.

ஜெயராமன் இன்னும் வைக்கவில்லை. "பதினோரு பேருன்னு எழுதியிருக்கு. எண்ணிப் பாத்தேன், பத்துதான் இருக்கு. பாக்கி ஒருத்தன் யாரு? லிஸ்ட் இன்னும் என் டேபிள்லதான் இருக்கு. அந்த ஒரு பேரச் சொல்லு, உன் பேர நான் சேத்துடறேன். உன் ஒருத்தனுக்கு மட்டும்."

சொல்லிவிடுங்கள் என்று என் மனசு கத்தியது. அதை நான் மறைக்கப்போவதில்லை. மார்ச், வாடகை வீடு, அப்பாவின் கட்டில், எல்லாம் ஒரே நொடியில் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆல்பின் வாயைத் திறந்தார். கரி படிந்த முகத்தில் வேர்வை கோடாக இறங்கியது. அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லாமல் இருந்துவிடுவாரோ என்றும் பயந்தேன். எது பெரிய பயம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

போனைப் பிடுங்கினேன். "அது நான்தான் சார்" என்றேன்.

"யாரு?"

"ஆல்பின் வூட்ல பேசறேன், வினோலியா. பதினோராவது ஆளு நான்தான்."

"நீ எங்கம்மா கரி அள்ளுன?" ஜெயராமன் சிரித்தார்.

"நான் அள்ளல சார். எழுதினது நான். பேரு எழுதினவளும் ஒரு ஆளுதான? எண்ணிக்கோங்க, சரியா வரும்." சொற்கள் எப்படியோ முழுசாக வந்துவிட்டன. அவர் வைத்துவிட்டார்.

நான் புது மருமகளை மூடினேன். சிலேட்டைத் திறந்தேன். எழுத வைத்த பழனிவேலின் பெயர்கூட இல்லாத அந்தப் பட்டியலில், பத்தாவது பெயருக்குக் கீழே என் பெயரை அடித்தேன். இத்தனை வருஷம் எத்தனையோ பேர் பெயரை எத்தனையோ பக்கத்தில் அலங்கரித்திருக்கிறேன். என் பெயரை எங்கேயும் போட்டதில்லை. ஒரு எழுத்து இரண்டு தடவை விழுந்தது, அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மூடப்போனபோது "சேமிக்கவா?" என்று கேட்டது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆல்பின் என் தோளில் கை வைத்திருந்தார். ஆமாம் என்று அழுத்தினேன். கடவுச்சொல்லை முதல் தடவையே சரியாக அடித்தேன்.

ஐந்து மணிக்கு லிஸ்ட் போனது. அதில் அருள், ஆல்பின் உட்படப் பத்துப் பேரும் இல்லை.

இன்றோடு பன்னிரண்டு நாள். ஆல்பின் பண்ருட்டி முந்திரி மண்டியில் மூட்டை தூக்கப் போகிறார். இரவில் தூக்கத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார். வெள்ளிக்கிழமையே பழனிவேல் அண்ணன் புதுப் பட்டியலோடு புகாரைக் கொடுத்துவிட்டார், லேபர் ஆபீசில் விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை இரண்டு பக்கமாக முழுசாக பிரிண்ட் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். தேதியை நினைத்தாலே எனக்குப் பயம்தான், ஆனால் நான் போகப்போகிறேன், பட்டியலில் என் பெயரும் இருக்கிறதே. எழுதுவது இப்போதெல்லாம் சிலேட்டில்தான். மெதுவாகத்தான் வேலை நடக்கிறது, இருந்தாலும் அது கேட்காமல் எதையும் செய்வதில்லை.

குஞ்சிதபாதத்தின் பாஸ் வந்துவிட்டது. காலையில் எங்கள் குவார்ட்டர்ஸ் வழியாகத்தான் சைக்கிளில் போகிறார். முதல் வாரம் தலையைத் திருப்பிக்கொண்டே போனார். எனக்குக் கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். நேற்று எங்கள் வீட்டு கேட் அருகே இறங்கினார். தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். புது ஷூ. கேஸ் என்றதும் கான்ட்ராக்டர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

"கடிக்குதும்மா" என்றார். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு நாள்ல பழகிடும்ங்க" என்றேன்.

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். உள்ளே வந்து அவர் பெயர் இருந்த பழைய கோப்புகளையெல்லாம் தேடிப் பிடித்து அழித்தேன். மறைக்கவில்லை, அழித்தேன். பழனிவேல் அண்ணனிடமும் அந்தத் திங்கட்கிழமை பிரிண்டைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டேன். இதுவரை இதில் அவரைக் குஞ்சிதபாதம் என்றுதான் எழுதியிருக்கிறேன். அவர் பெயர் அது இல்லை.